ஆராய்ச்சிக் கணக்கில் ஓடிய லாரி

புருஷோத்தமனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். கம்ப்யூட்டர் தெரியாத முட்டாள்கள் ஒரு வகை, தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் முட்டாள்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராதவன் அவன் ஒருவன்தான். அந்த இடத்தில் வேறு யாரையும் அவன் உட்காரவிட்டதில்லை.

ஆந்திர எல்லையில் குடிபாலாவுக்குப் பக்கத்தில் பிறந்தவன். அப்பா ரங்கையா நிலமில்லாத வீட்டில் பிறந்து, பிறகு கைக்கு வந்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டு, மழை ஏமாற்றிய வருஷங்களில் கூலிக்குப் போய் மகனைச் சித்தூரில் பட்டப்படிப்புவரை படிக்கவைத்தார். தாராளமயம் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. புருஷோத்தமனும் ஏறினான். கடல் தாண்டி இருக்கிறவனின் கிரெடிட் கார்டு புலம்பலைப் போனில் கேட்கும் வேலை. அங்கே அவன் தன் பெயரைப் பீட்டர் என்று சொல்லிக்கொண்டான். இரண்டாயிரத்து ஒன்பதில் கடல் தாண்டி இருந்தவனே கடனில் மூழ்கிவிட, பீட்டருக்கு வேலை போயிற்று. புருஷோத்தமன் ஊருக்குத் திரும்பினான். கூடவே பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு கிராபிக்ஸ் கார்டும், உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் மட்டம் என்ற எண்ணமும் வந்தன.

திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை தாண்டிச் சென்னை ரோட்டோரம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சிஸ்டம் அட்மின் வேலை கிடைத்தது. மாணவர்களின் கட்டணத்தைச் சர்க்கார் கட்டும் என்று தெரிந்ததும் மாந்தோப்புக்கு ஒரு காலேஜ் முளைத்திருந்த நேரம். இந்தக் காலேஜை முளைக்கவைத்தவர் வேதாச்சலம். அதற்கு முன்பு மாம்பழக்கூழ் டின்னில் அடைத்து விற்றவர். கூழுக்கும் டிகிரிக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. லேபிள் நேராக ஒட்டியிருந்தால் சரக்கு நல்ல சரக்கு. எல்லாரும் அவரைக் கரஸ்பாண்டென்ட் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது, அவர் உட்பட.

சாயங்காலம் காலேஜ் பஸ்கள் கிளம்பிப் போனதும் புருஷோத்தமன் லேபில் உட்கார்ந்து லாரி ஓட்டுவான். கம்ப்யூட்டரில்தான். ஐரோப்பாவின் ரோடுகளில் சரக்கு ஏற்றிப் போகிற விளையாட்டு. ஜெர்மனியில் பால்கட்டி ஏற்றி இத்தாலியில் இறக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. சிக்னலில் நிற்க வேண்டும், டீசல் போட வேண்டும், கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால் வைப்பரைப் போட வேண்டும். அதை அவன் ஒரு விநாடி விடாமல் ரெகார்ட் செய்தான். செய்துகொண்டே மைக்கில் விளக்கமும் சொன்னான்.

"இப்ப லெஃப்டுல ஒரு பிரிட்ஜ் வருது. நாம மெதுவா போய்க்கினு இருக்கோம். கியர் பாருங்கோ. அவசரப்படக் கூடாது."

அவசரப்படாத அந்த விளக்கம் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் போகும். வெட்டிச் சின்னதாக்கலாமே என்று அவன் மனைவி சந்தியா ஒருமுறை கேட்டாள். திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவள். தினமும் நூறு பேரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து ஆளை எடைபோடத் தெரிந்தவள்.

"வெட்டினா அது பயணம் இல்ல," என்றான் அவன்.

"நீ எங்கயும் போகலியே."

அவளை அவன் முதல் வகையில் சேர்த்தான்.

பயணம் என்னவோ இருந்த இடத்திலேயே நடந்தது. ஆனால் அதற்கு இடம் வேண்டியிருந்தது. ஒரு மணி நேரப் படம் பத்து ஜிபி பிடித்தது. படத்தின் தரத்தைக் குறைக்க அவன் மனம் ஒப்பவில்லை. இத்தாலிப் புல்லின் ஒவ்வொரு தாளும் தெரிய வேண்டும் என்றான். முதலில் லேப் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கை நிரப்பினான். மாணவர்களின் புரோகிராம் சேமிக்க இடமில்லாமல் பிழை காட்டியபோது, வைரஸ் என்று சொல்லி அவர்களையே திட்டினான். பிறகு டிவிடிகளில் போட்டான். திருப்பதி கொர்லகுண்டாவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால்கூட டிவிடி இருந்தது. பிறகு பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்குகள். அவை நாலு நாள் ஓடும், பிறகு கர்க் கர்க் என்று கனைக்கும், பிறகு ஆஸ்திரியா மொத்தமும் போய்விடும். புது டிஸ்க் வாங்கச் சந்தியா பர்ஸைத் திறக்கமாட்டாள் என்பது கேட்காமலே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து காலேஜுக்கு மெயில் வந்தது. கல்வி நிலையங்களுக்கு இணையத்தில் இலவசமாக இடம் தருகிறோம், அளவே கிடையாது என்றது அது. காலேஜுக்கு வரும் மெயிலைப் படிக்கிற ஒரே ஆள் புருஷோத்தமன். விண்ணப்பத்தை அவனே நிரப்பினான், முதல்வரிடம் கையெழுத்தை அவனே வாங்கினான். ஒரு ஃபோல்டர் திறந்து அதற்கு 'போக்குவரத்துப் பொறியியல் ஆராய்ச்சித் தரவு' என்று இங்கிலீஷில் பெயர் வைத்தான். அன்றிலிருந்து காலேஜ் லைன் விடியவிடிய லாரி ஏற்றியது.

இடம் கிடைத்ததும் பங்கு போடும் ஆசை வந்தது. சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள் என்று எல்லாருக்கும் லிங்க் அனுப்பினான். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிற அவன் அத்தை மகன் வெங்கட் போன் செய்தான்.

"டேய், காத்தால நாலு மணிலேர்ந்து வண்டி ஓட்டிக்கினு இருக்கிறேன். ரூமுக்கு வந்தா நீ லாரி ஓட்டறதை நான் பாக்கணுமா?"

"ரோடு எப்படி இருக்குது பாருடா. அதுதான் பாயிண்டு."

"எனக்கு ரோடு தெரியும். நீ ஒரு தபா நெஜ லாரி ஏறிப் பாரு."

ரசனை இல்லாதவன் என்று புருஷோத்தமன் அவனையும் தள்ளினான். அவன் படங்களைத் தவறாமல் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், கரஸ்பாண்டென்டின் கார் டிரைவர் முனிசாமி. காரில் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் அதைத்தான் ஓடவிடுவார். புருஷோத்தமனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் காரணம் கேட்டான்.

"நல்லாத் தூக்கம் வருது சார்," என்றார் முனிசாமி. "எங்கயும் இடிக்க மாட்டறீங்கோ. நம்பிக் கண்ணை மூடலாம்."

அதையும் அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

காலேஜின் தரத்தை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. பத்து நாள் முன்பிருந்தே சுவருக்குச் சுண்ணாம்பு, தொட்டிக்குச் செடி, நூலகத்துக்கு வாடகைப் புத்தகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரஸ்பாண்டென்ட் புருஷோத்தமனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ரிசர்ச்சு டேட்டா எவ்ளோ வெச்சிகினு இருக்கோம்னு கேக்கறாங்கோ. ஏதாவது இருக்குதா?"

"முப்பது டெராபைட் இருக்குது சார்."

"அது ஜாஸ்தியா, கம்மியா?"

"இந்த ஜில்லாவுல எந்த காலேஜிலயும் இருக்காது சார்."

வேதாச்சலத்தின் முகம் மாங்கூழ் சீசன் மாதிரி மஞ்சளாக மலர்ந்தது. குழுவில் இருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். வரிசையாக ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் ஊர்ப் பெயர்கள். ஒன்றைத் திறந்து ஓடவிட்டார். நல்ல வேளையாக ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. அந்தக் காலேஜில் எந்த ஸ்பீக்கரும் வேலை செய்ததில்லை.

"சிமுலேஷனா?" என்றார் அவர்.

"சிமுலேஷன்தான் சார்."

"குட்," என்று எழுதிக்கொண்டார்.

தரம் கூடிற்று. அடுத்த வருஷத்து விளம்பரப் புத்தகத்தில், சிரிக்கும் மாணவிகளின் படத்துக்குக் கீழே, இந்த ஆராய்ச்சித் தரவைப் பற்றி ஒரு வரி அச்சானது. அதை நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் எத்தனை பேரோ. புருஷோத்தமனுக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை. முட்டாள்களை முட்டாளாக்குவதில் என்ன பாவம் என்று சந்தியாவிடம் சொன்னான். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கொரோனா வந்தது. காலேஜ் மூடியது. கட்டணம் மட்டும் மூடவில்லை. அதனால் பாடம் நடந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. வாத்தியார்கள் வீட்டிலேயே பாடத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், சம்பளம் பாதி என்று கரஸ்பாண்டென்ட் அறிவித்தார். கணக்கு நடத்தும் சிவசங்கரிக்கு ஊர் நகரி. நெசவுக்காரர் வீடு. தெருவில் பவர்லூம் ஓடாத வீடு கிடையாது, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஊரடங்கில் கொஞ்ச நாள் நின்ற தறிகள் திரும்ப ஓட ஆரம்பித்ததும் அவள் கரண்ட் போகிற நேரத்துக்காகக் காத்திருந்தாள். கரண்ட் போனால் தறி நிற்கும். ஃபேனும் நிற்கும். வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் பலகையைச் சாய்த்து, வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கணக்குப் போட்டாள். கரண்ட் வந்ததும் பாதியில் நிறுத்தினாள்.

அவள் ஊரில் நெட் மெதுவாக இருந்ததால் மெமரி கார்டைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்து கொடுப்பாள். புருஷோத்தமன் ஓடவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"லைட்டிங்கு இல்ல மேடம். குவாலிட்டி இப்பிடி இருந்தா யாரு பாப்பாங்க?"

"என் போன்ல இதான் சார் வரும். எழுத்து தெரியுதில்ல?"

"தெரியுது. ஆனா..."

"அது போதும் சார். ஏத்திடுங்க. கார்டு என் தங்கச்சியோடது, இப்பவே காலி பண்ணிக் குடுங்க."

ஏற்றினான். கார்டைத் துடைத்துக் கொடுத்தான்.

காலேஜ் திறந்தபோது பாதி வாத்தியார்களுக்கு வேலை இல்லை. பாடமெல்லாம்தான் ரெகார்டில் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்டார் வேதாச்சலம். தங்கள் இடத்தைத் தாங்களே படமெடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போனவர்களில் சிவசங்கரியும் ஒருத்தி.

அதற்கடுத்த வருஷம் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் ஞானம் பிறந்தது. இனி அளவில்லாத இடம் கிடையாது, மொத்தக் காலேஜுக்கும் இவ்வளவுதான், மிச்சத்துக்குப் பணம் கட்டுங்கள் அல்லது அழியுங்கள் என்றது. புருஷோத்தமன் கரஸ்பாண்டென்ட் முன்னால் போய் நின்றான்.

"துட்டுன்னு சொல்லாதே," என்றார் அவர். "வேண்டாததைத் தள்ளு. ஆனா ரிசர்ச்சு இருக்கணும், லெக்சர் இருக்கணும். ரெண்டும் புக்குல அச்சடிச்சாச்சு."

"ரெண்டும் அடங்காது சார்."

"அடங்கறாப்ல பண்ணு. அதுக்குத்தானே நீ இருக்கிறே?"

முதலில் மாணவர்கள் ஒளித்துவைத்திருந்த சினிமாக்களை அழித்தான். அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். பிறகு வெங்கட்டுக்குப் போன் செய்து, கொஞ்சம் உன் பெயரில் வைத்துக்கொள்கிறாயா என்று கெஞ்சினான். என் பிள்ளை போட்டோ வைக்கவே இடமில்லை என்று போனை வைத்துவிட்டான் அவன். சந்தியாவிடம் கேட்கும் தைரியம் வரவில்லை. தன் முதல் மூன்று வருஷத்து லாரிகளை, ஒவ்வொன்றாக ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழித்தான். கண் கலங்கியது என்று பிற்பாடு அவனே சொல்லிக்கொண்டான். அப்படியும் அளவு மிஞ்சியது. கடைசியில் மிச்ச லாரிகளா, பாடங்களா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

பாடங்களை யார் எப்போது திறந்தார்கள் என்று பார்த்தான். பரீட்சை முடிந்த பிறகு ஒருவரும் திறக்கவில்லை. லாரியையாவது முனிசாமி திறக்கிறார். அந்த நியாயம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. படம் வேறு ஆடுகிறது, வெளிச்சம் இல்லை, தறிச் சத்தம் இடையில் புகுகிறது. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு மட்டச் சரக்கைத் தள்ளுவது எந்த வியாபாரியும் செய்வதுதானே. பாடங்கள் மொத்தத்தையும் அழித்தான். லாரியில் பாதியை எடுத்து 'இணையவழி விரிவுரைகள்' என்ற ஃபோல்டரில் போட்டு, ஊர்ப் பெயர்களை மாற்றிப் பாடம் ஒன்று, பாடம் இரண்டு என்று எண் கொடுத்தான். அடுத்த முறை வந்த குழு எத்தனை பாடம் என்று எண்ணிப் பார்த்தது, ஒன்றையும் திறக்கவில்லை. காலேஜுக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. அதை ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அப்படியே போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் சிவசங்கரி வந்து லேப் வாசலில் நின்றாள். முன்பைவிட இளைத்திருந்தாள். இடையில் நகரியில் டியூஷன் எடுத்திருக்கிறாள். அது போதாமல் சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுத்திருக்கிறாள். சென்னையில் ஒரு கோச்சிங் கம்பெனி ஆள் எடுக்கிறதாம், பழைய வகுப்பு வீடியோ ஏதாவது கேட்கிறார்களாம்.

"என்னோடதுல நாலு பாடம் குடுத்தாப் போதும் சார். பென் டிரைவ் கொண்டாந்திருக்கிறேன்."

புருஷோத்தமன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அது சிஸ்டம்ல போயிடுச்சு மேடம். கம்பெனிக்காரன் இடத்தைக் குறைச்சிட்டான். எல்லாமே போயிடுச்சு. நம்ம கைல இல்ல."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

கரஸ்பாண்டென்ட் மீட்டிங்கில் இருந்ததால் முனிசாமி ஏசிக்காக லேப் மூலையில் வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். உதவி செய்கிற ஆசையில் எழுந்து வந்தார்.

"இல்ல மேடம், இருக்குது. பாடம்னு போட்டு வரிசையா இருக்குது. நான் நேத்துகூடப் பாத்தேன். உள்ளே நம்ம சாரு லாரிதான் ஓடுது, அதான் எனக்கும் புரியல. எடம் மாறி இருக்கும், தேடிக் குடுங்கோ சார்."

தன் போனையே நீட்டினார். சிவசங்கரி வாங்கிப் பார்த்தாள். பாடம் பன்னிரண்டு. மழையில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. வைப்பர் ஆடியது. 'அவசரப்படக் கூடாது' என்றது புருஷோத்தமனின் குரல். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை முனிசாமியிடமே கொடுத்தாள்.

"குவாலிட்டி நல்லா இருக்குது சார்," என்றாள்.

"மேடம், யாருமே பாக்கல, அதான்..."

"நான் கேட்டு வந்திருக்கிறேனே." குரலை உயர்த்தவில்லை. "என்னைக் கெடுக்கணும்னு நீங்க பண்ணல சார். அப்பிடி இருந்திருந்தாலாவது என் ஞாபகம் உங்களுக்கு வந்திருக்கும். எங்க யாரு ஞாபகமும் வரல. லாரி ஞாபகம்தான் வந்துச்சு."

பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே போனாள். முனிசாமி அவள் போவதையும் புருஷோத்தமனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏசியை விட்டு வெயிலில் நின்ற காருக்கே போய்விட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் புருஷோத்தமனுக்கு எதிராளியை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிறகு பழைய மாணவர்களின் நம்பர்களைத் தேடி எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டான். சிவசங்கரி மேடத்தின் பாடம் யாரிடமாவது இருக்கிறதா? யார் அந்த மேடம் என்று கேட்டவர்கள் உண்டு. கடைசியில் ஹைதராபாத்தில் சாப்பாட்டு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவனின் வாட்ஸ்அப்பில் இரண்டு துண்டு கிடைத்தது. கைமாறிக் கைமாறி நசுங்கிய படம். பலகை இருக்கிறது, அவள் கை இருக்கிறது, எழுத்து மட்டும் வெண்ணீறு அப்பியதுபோல் கலைந்து கிடந்தது. தரத்தைக் கூட்ட அவனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தான். ஒன்றும் கூடவில்லை. அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்தான். அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் விழுந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சந்தியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மன்னிப்பு கேட்டு ஒரு மெசேஜ் போடட்டுமா என்றான்.

"போட்டா உனக்குத் தூக்கம் வரும்," என்றாள் அவள். "அவளுக்கு இன்னா வரும்? சோறு ஆறுது, துன்னு."

சென்னைக் கம்பெனி சிவசங்கரியை எடுக்கவில்லை. திருவள்ளூரில் ஒரு சின்ன டியூஷன் சென்டரில் வீடியோ கேட்காமல், நேரில் ஒரு மணி நேரம் நடத்திக்காட்டச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். ரயிலில் போய் வருகிறாள் என்று முனிசாமி மூலம் தெரிந்தது. அதற்குப் பிறகு முனிசாமி லாரிப் படம் பார்ப்பதை விட்டுவிட்டார். இந்தத் தடவை புருஷோத்தமன் காரணம் கேட்கவில்லை.

அவன் லாரியை நிறுத்திவிட்டான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. இப்போதும் சாயங்காலம் பஸ்கள் போனதும் உட்காருகிறான், ரெகார்டும் செய்கிறான். மைக்கில் மட்டும் பேசுவதில்லை. அந்த வருஷம் சேர்க்கைக்கு வந்த ஒரு பெண்ணின் தகப்பனார், புத்தூர் பக்கத்துக்காரர், பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாமே, ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டார். கரஸ்பாண்டென்ட் புருஷோத்தமனைப் பார்த்தார். நெட் இல்லை என்றான் புருஷோத்தமன். தகப்பனார் தலையாட்டிவிட்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.